ஏர்பிரஷ் இல்லாமல் ஒரு கடற்கரைக் கோயில்

(மூன்றாமாண்டு சிவில் மாணவன்)

இந்த மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, "ஒரு கவிதையாவது எழுதுடா" என்றுதான் சொன்னார. கவிதை நமக்கு வராது. வந்தது ஒன்றே ஒன்று: பெயிண்ட். எனவே, மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் மாடலுக்கு நாங்கள் ஐந்து பேர் கலர் அடித்த கதையையே பாடமாக எழுதுகிறேன். அடுத்த வருஷம் மாடல் செய்யப் போகும் ஜூனியர்களுக்குப் பயன்படும். மற்றவர்கள் எங்கள் அவஸ்தையைப் படித்துச் சிரிக்கலாம்!

முதலில் அளவைச் சொல்லி விடுகிறேன். 8 அடிக்கு 6 அடி பிளைவுட். ஸ்கேல் 1:25. கோயிலின் பெரிய விமானம் சுமார் 60 அடி உயரம், அதாவது 18 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நம் மாடலில் அது 73 செ.மீ. வருகிறது. பக்கத்தில் சின்ன விமானம், சுற்றி வரிசையாக நந்திகள் உட்கார்ந்த மதில், பிறகு பாறை, மணல், கடல். தெர்மோகோலை வெட்டி ஒட்டி இதையெல்லாம் நிறுத்தவே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. ஆளுக்கு 500 ரூபாய் போட்டிருந்தோம். கண்காட்சிக்கு இன்னும் 11 நாள்.

கலருக்கு என்ன ஏற்பாடு என்றால், நண்பன் ஒருவனின் தெரிந்தவர் பைக் டேங்குக்குப் படம் வரைபவர். அவர் ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரஸரும் இரண்டு நாள் தருவதாகச் சொல்லியிருந்தார். அவருக்கே வேலை வந்துவிட்டது, தரவில்லை. அவர் மேல் தப்பில்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் தப்பு, அது முழுக்க என்னுடையது. "ஏர்பிரஷ் இல்லாட்டி என்ன, ஸ்ப்ரே டின் இருக்கே" என்று நான் போய் ஒரு சாம்பல் நிற டின் வாங்கி வந்தேன். "ஓரமா ஒரு துண்டுல அடிச்சுப் பாருடா" என்று ஒருத்தன் சொன்னான். கேட்கவில்லை. சின்ன விமானத்தின் மேல் நேராக அடித்தேன். பத்து நிமிஷத்தில் விமானம் கரையான் அரித்த கதவு மாதிரி ஆகிவிட்டது!

காரணம் நமக்குத் தெரிந்த கெமிஸ்ட்ரிதான். தெர்மோகோல் என்பது பாலிஸ்டைரீன். அதில் பெரும்பகுதி வெறும் காற்று. ஸ்ப்ரே டின்னிலும் தின்னரிலும் இருக்கிற கரைப்பான்கள் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். சுவர் போனதும் உள்ளே இருக்கிற காற்று போய், மொத்தமும் உள்வாங்கி விடுகிறது. எனாமல், தின்னர், டர்பென்டைன் எதுவும் தெர்மோகோல் பக்கமே வரக்கூடாது. தண்ணீரில் கரையும் பெயிண்ட் மட்டும்தான்.

அன்று ராத்திரி வீட்டில் நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துச் சித்தப்பா விசாரித்தார். அவர் செங்கல்பட்டில் 30 வருஷமாக வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். முட்டி வலியால் சாரம் ஏறுவதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. கதையைச் சொன்னேன். "அந்த மிஷினு வராட்டி வேலை நின்னு பூடுமா? செவுத்துக்கு அடிக்கற பெயிண்டு இன்னா கெட்டுப் போச்சு?" என்றார். "இது மாடல் சித்தப்பா, செவுரு இல்ல" என்றேன். "கல்லுதானே செய்யறீங்க. கல்லப் போய்ப் பாத்தியா?" என்றார்.

உண்மையில் பார்க்கவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் பார்த்ததோடு சரி. மாடல் எல்லாம் போட்டோவை வைத்துத்தான். மறுநாள் காலை திருக்கழுக்குன்றம் வழி பஸ் பிடித்து இரண்டு பேரும் மாமல்லபுரம் போனோம். சித்தப்பா கையில் ஒரே ஒரு சாமான்: பெயிண்ட் கடை ஷேட் கார்டு.

கோயிலுக்கு எதிரே நின்று கேட்டார்: "கல்லு இன்னா கலரு?"

"கறுப்பு. கருங்கல்லுதானே."

"அந்த வாசலுக்குள்ள தெரியுதே நெழலு, அது கறுப்பு. கல்லு அந்தக் கலரா இருக்கு?"

இல்லை! ஷேட் கார்டை நீட்டிப் பிடித்து, கண்ணைப் பாதி மூடிக் கொண்டு பார்த்தால், வெயில் பட்ட கல் மணலுக்குப் பக்கத்து நிறம். பழுப்பும் சாம்பலும் கலந்தது, இடையிடையே லேசான சிவப்பு. நிழல் பக்கம் அதே கல் கொஞ்சம் நீலம் ஓடிய சாம்பல். மழைத் தண்ணீர் வழிகிற இடத்தில் மட்டும் கறுப்புத் தாரை. ஷேட் கார்டில் நான்கு நிறத்துக்குப் பென்சிலால் டிக் அடித்தோம். செல்போனில் எடுத்த போட்டோவை அப்புறம் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். போட்டோவில் கல் ஏறக்குறைய கறுப்பாகத்தான் இருந்தது. போட்டோவை நம்பிக் கலர் கலந்திருந்தால் கரிக்கட்டை மாதிரி ஒரு கோயில் கிடைத்திருக்கும்.

இங்கே ஒரு கணக்கு. 1:25 மாடலை 1 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது, அசல் கோயிலை 25 மீட்டர் தள்ளி நின்று பார்ப்பது போல. தூரத்தில் எல்லா நிறமும் கொஞ்சம் வெளிறித் தெரியும். திருக்கழுக்குன்றம் மலை கிட்டே ஒரு நிறம், தூரத்தில் பஸ்ஸிலிருந்து பார்த்தால் வேறு நிறம் இல்லையா? அதனால் கல்லை அருகில் தொட்டுப் பார்த்து நிறம் எடுக்காமல், 30, 35 காலடி தள்ளி நின்று எடுக்க வேண்டும். சுத்தக் கறுப்பும் சுத்த வெள்ளையும் மாடலில் எங்கேயும் வரக்கூடாது. கறுப்பு அடித்த இடம் ஓட்டை மாதிரி தெரியும்; வெள்ளை அடித்த இடம் பெயிண்ட் என்று காட்டிக் கொடுத்துவிடும்.

திரும்பும்போது ஐந்து ரதங்களையும் பார்த்தோம். யோசித்துப் பாருங்கள், அவையே மாடல்கள்தான்! திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசையைக் கல்லில் செய்தது. பீம ரதத்தின் மேற்கூரை வண்டிக் கூண்டு மாதிரி வளைந்தது. மரத்திலும் ஓலையிலும் இருந்த கட்டட வடிவங்களைப் பல்லவர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையில் குடைந்து பார்த்திருக்கிறார்கள். மேலேயிருந்து கீழே செதுக்கி வந்திருக்கிறார்கள். அதனால்தான் சிலவற்றில் மேல் பாகம் முடிந்து அடிப்பாகம் கரடாகவே நிற்கிறது. கடற்கரைக் கோயில் அப்படியல்ல, 8ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்மன் காலத்தில் கல்லை அடுக்கிக் கட்டியது. எனவே அதன் மாடலில் கல் இணைப்புக் கோடு தெரிய வேண்டும். நாங்கள் அதை விட்டிருந்தோம்! சித்தப்பாதான் கண்டுபிடித்தார்.

இனி வேலைக்கு வருவோம்.

உடைந்த சின்ன விமானத்தைப் புதிதாக வெட்டினோம். எல்லாத் தெர்மோகோலுக்கும் ஃபெவிகால் 1 பங்கு, தண்ணீர் 1 பங்கு கலந்து, கூழ் பதத்துக்குச் சாக் பவுடர் சேர்த்து மூன்று கை. ஒவ்வொரு கையும் நன்றாகக் காய வேண்டும். இது தெர்மோகோலின் முட்டை முட்டையான பரப்பை மூடிவிடுகிறது. அதன் மேல் மெல்லிசாகச் சுவர்ப் பட்டி இழுத்து, முழுக்கக் காய்வதற்குள் குண்டூசியால் கல் இணைப்புகளைக் கீறினோம். ஸ்கேல் வைத்துக் கீறினால் செங்கல் சுவர் மாதிரி ஆகிவிடும், கையாலேயே கீறுங்கள். காய்ந்த பிறகு நைஸ் உப்புத்தாள், லேசாக. கிழக்குப் பக்கம், அதாவது கடலைப் பார்த்த பக்கம், உப்புக் காற்றில் சிற்பமெல்லாம் மழுங்கியிருப்பதை நேரில் பார்த்திருந்தோம். அந்தப் பக்கத்தை மட்டும் ஈரத்துணியால் தேய்த்து மழுக்கினோம். அசலில் அந்த உப்பை எடுக்கத் தொல்லியல் துறையினர் காகிதக் கூழைக் கல்லின் மேல் அப்பி, அது உப்பை உறிஞ்சியதும் உரித்து எடுக்கிறார்கள்.

பெயிண்ட்: வெள்ளை எமல்ஷன் 4 லிட்டர், ஸ்டெயினர் நான்கு டப்பா: கறுப்பு, மஞ்சள் ஆக்ஸைடு, சிவப்பு ஆக்ஸைடு, நீலம். அவ்வளவுதான். ஒரு கோட்டிங்குக்கு வேண்டியதை ஒரே பக்கெட்டில் ஒரே தடவையில் கலக்க வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் அதே நிறம் ஜென்மத்துக்கும் வராது. ஒட்டுப் போடுவதற்கென்று ஊறுகாய் பாட்டிலில் கொஞ்சம் எடுத்து மூடி வைத்துக் கொள்ளுங்கள். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் சற்று அழுத்தமான நிறம். அட்டையில் தடவிக் காயவைத்துப் பார்த்த பிறகே அடிக்க வேண்டும். அதையும் கண்காட்சி ஹாலின் டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். வெளியே வெயிலில் சரியாக இருந்த எங்கள் பழுப்பு, டியூப் லைட்டில் பச்சை அடித்தது! சிவப்பு ஆக்ஸைடு ஒரு சொட்டுக் கூட்டியதும் சரியானது.

முதல் கை, அழுத்தமான சாம்பல் பழுப்பு. பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, மெல்லிசாக இரண்டு தடவை. கெட்டியாக ஒரே தடவை அடித்தால் கீறிய கோடெல்லாம் அடைந்துவிடும். ஏர்பிரஷ்ஷில் கிடைக்கிற பெரிய லாபமே இந்த மெல்லிசுதான். தண்ணீரும் பொறுமையும் இருந்தால் பிரஷ்ஷிலும் அது கிடைக்கிறது. மேலிருந்து கீழே வாருங்கள், வழிவதைத் துடைத்துக் கொண்டே வரலாம்.

இரண்டாவது, கழுவு நீர். இது சித்தப்பா வைத்த பேர். அழுத்தமான கலர் 1 ஸ்பூன், தண்ணீர் 8 ஸ்பூன், பாத்திரம் தேய்க்கிற சோப்பு லிக்விட் ஒரு சொட்டு. சோப்பு இல்லாவிட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், பள்ளத்தில் இறங்காது. முதலில் இஸ்திரிக்காரர் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் பரப்பை நனைத்து விட்டு, பிறகு இதைத் தடவ வேண்டும். பள்ளத்திலும் கீறலிலும் தானாகப் போய்த் தங்கும். மேட்டில் இருப்பதை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். ஒரு முகத்தை முடித்து விட்டுத்தான் அடுத்த முகம். பாதியில் டீ குடிக்கப் போனால் காய்ந்த விளிம்பு வட்டமாகக் கறை கட்டிக் கொள்ளும் (நாங்கள் போனோம். கட்டிக் கொண்டது).

மூன்றாவதுதான் உயிர். உலர்ந்த பிரஷ் வேலை. இதற்குப் புது பிரஷ் உதவாது. முடி விரிந்து, மொட்டையாகி, தூக்கிப் போட இருந்த இரண்டு அங்குலப் பட்டை பிரஷ்தான் வேண்டும். சித்தப்பாவின் பையில் அப்படி ஆறு இருந்தது. சின்ன இடங்களுக்கு ஷேவிங் பிரஷ், ஃபேன்ஸி ஸ்டோரில் விற்கிற பவுடர் பிரஷ். மணல் நிறத்துக்குப் பக்கத்து வெளிர் கலரில் நுனியை மட்டும் தொட்டு, நியூஸ் பேப்பரில் தேய், தேய், தேய். இனி ஒன்றும் வரவில்லை என்று தோன்றுகிற போதுதான் ஆரம்பிக்க வேண்டும். புறங்கையில் இழுத்துப் பார்த்தால் தோலின் ரேகை மட்டும் வெளுக்க வேண்டும், தோல் வெளுக்கக் கூடாது. அப்படி இருந்தால் மாடல் மேல் லேசாக, விளிம்புகளுக்குக் குறுக்காக இழுங்கள். மேடு மட்டும் பெயிண்டை வாங்கிக் கொள்ளும். கீறிய ஒவ்வொரு கல்லும், ஒவ்வொரு நந்தியின் முதுகும் தனித்தனியாக எழுந்து நின்றதைப் பார்த்து எங்களில் ஒருத்தன் விசில் அடித்தான்.

ஏர்பிரஷ் வந்திருந்தால் இது கிடைத்திருக்காது என்பது இப்போது என் அபிப்பிராயம். அது வழுவழுவென்று நிறத்தைப் பரப்பும். பைக் டேங்குக்கு அழகு. மேடு பள்ளம் அதற்குத் தெரியாது. உலர்ந்த பிரஷ்ஷுக்குத் தெரியும்.

நிறம் ஒரே சீராக இருந்தால் பொய்யாகத் தெரியும். அதற்கு ஸ்பாஞ்ச். பழைய மெத்தையிலிருந்து கையால் பிய்த்தது, கத்தரியால் வெட்டியதல்ல. ஒவ்வொரு ஒற்றுக்கும் கையைத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரே அச்சு திரும்பத் திரும்ப விழும். சிவப்பு கலந்தது சில இடம், நீலம் ஓடியது சில இடம். கடைசியில் டூத் பிரஷ்ஷைக் கட்டை விரலால் நிமிண்டி மிக நுண்ணிய புள்ளிகள், பாறைகளுக்கு மட்டும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் பேப்பர் போட்டு மூடிக் கொள்ளுங்கள். எங்கள் நண்பன் ஒருவனின் வெள்ளைச் சட்டைக்கும் கருங்கல் புள்ளி விழுந்தது.

தரை வேறு சமாசாரம். பரப்பு பெரிசு. மணலுக்கு மணலையே ஒட்டினால் போச்சு என்று நினைத்தோம். அரை மி.மீ. மணல் துகள் 1:25 கணக்கில் ஒன்றேகால் செ.மீ. ஜல்லி! லேபில் 150 மைக்ரான் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மட்டும் எடுத்தோம். அதன் பெரிய துகள்கூட மாடல் கணக்கில் 4 மி.மீ.க்குள்தான். ஃபெவிகால் தண்ணீர் தடவிய பரப்பின் மேல் டீ வடிகட்டியால் தூவினோம். அழகாகத்தான் இருந்தது. நாலாம் நாள் காலையில் மணல் மேலெல்லாம் வெள்ளைப் பூ! கடற்கரையிலிருந்து அள்ளி வந்த மணல், கழுவவே இல்லை. கடல் மணலைக் கான்கிரீட்டில் போடக்கூடாது, குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்று கான்கிரீட் டெக்னாலஜி பேப்பரில் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவர்கள் நாங்கள். சுரண்டி எடுத்து விட்டு, வீடு கட்டுகிற மணலை ஐந்து தண்ணீரில் அலசிக் காயவைத்து மறுபடி சலித்தோம். இதில் ஒன்றரை நாள் போயிற்று.

மணலை ஒட்டினால் மட்டும் போதாது, அதற்கும் கலர் வேண்டும். ஃபெவிகால் குடித்த மணல் கறுத்துவிடும். காய்ந்த மணல், ஈர மணல், இரண்டுக்கும் நடுவே கோடு விழாமல் ஒன்று மற்றொன்றாக மாற வேண்டும். இதற்குத்தான் எல்லோரும் ஏர்பிரஷ் கேட்பது. சித்தப்பா சுவருக்குச் செய்வதைச் சொன்னார்: "ஓரம் காயறதுக்குள்ள அடுத்த கை வரணும்." மூன்று பேர் வரிசையாக நின்றோம். ஒருத்தன் கையில் வெளிர் நிறம், ஒருத்தன் கையில் அழுத்த நிறம், நடுவில் நான் வெறும் ஈர ஸ்பாஞ்சோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தை ஒற்றிக் கொண்டே 8 அடி நகர்ந்தேன். ஃபேனை நிறுத்தி வைத்தோம், வியர்வை மாடல் மேல் சொட்டியது. ஆனால் கோடு விழவில்லை.

கடலைப் பற்றி அதிகம் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நீலமாக அடித்து விட்டோம். நம் கரையில் அலை ஓரம் மணல் கலங்கிய பச்சைப் பழுப்பு. தள்ளிப் போனால்தான் நீலம். நேரம் இல்லை. அலை நுரைக்கு டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்து ஒட்டினோம், அது மட்டும் பரவாயில்லை. சவுக்கு மரங்களுக்குத் தேங்காய் நாரும் சாயம் போட்ட மரத்தூளும்.

கண்காட்சியன்று எங்களுக்கு இரண்டாம் பரிசு. முதல் பரிசு மெக்கானிக்கலுக்கு. பார்க்க வந்த நடுவர் ஒருவர் குனிந்து கிழக்கு முகத்தை வெகுநேரம் பார்த்தார். "கடல் பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கே, வேணும்னே செஞ்சதா?" என்றார். ஆமாம் சார் என்றோம். "கலர் யாரு அடிச்சது? ஏர்பிரஷ்ஷா?"

"இல்ல சார், பிரஷ். நாங்கதான் சார்" என்றேன்.

சித்தப்பா அப்போது ஹால் வாசலிலேயே நின்று கொண்டிருந்தார். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக் கொண்டிருந்தாராம். நான் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை கேட்கவில்லை. மாடலுக்குப் பக்கத்தில் வைத்த நன்றிப் பலகையில் எல்லார் பெயரும் இருந்தது: ஹெச்.ஓ.டி., லேப் அசிஸ்டெண்ட், பிளைவுட்டை டிஸ்கவுண்டில் கொடுத்த கடை. சித்தப்பா பெயர் இல்லை. ஐந்து பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை என்று சொன்னால், எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதற்கு அது பதில் ஆகாது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் சொன்னது ஒன்றுதான்: "கடலு கலரு தப்பு." ஆகவே இந்தப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். மேலே சொன்ன உலர்ந்த பிரஷ், கழுவு நீர், ஷேட் கார்டு, ஈர ஓரம் எல்லாம் அவருடையவை. உப்பு மணலும் ஸ்ப்ரே டின்னும் என்னுடையவை.

மாடல் இப்போது சர்வே லேபில் இருக்கிறது. லீவில் கடலைச் சுரண்டி மறுபடி அடிப்பதாக இருக்கிறோம். சித்தப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார். மஞ்சள் ஆக்ஸைடும் சிவப்பு ஆக்ஸைடும் ஆளுக்கு அரை டப்பா மிச்சம், 150 மைக்ரானில் சலித்த மணல் ஒரு பக்கெட். டிபார்ட்மெண்ட் அலமாரியின் கீழ்த் தட்டில் வைத்திருக்கிறோம். வேண்டிய ஜூனியர்கள் லேப் அசிஸ்டெண்ட்டிடம் கேட்டு எடுத்துக் கொள்ளலாம். பிரஷ்களைக் கழுவித் திருப்பிக் கொடுத்து விடுங்கள், அவை சித்தப்பாவுடையவை.